கேட்டறிந்து கழிப்போம்



பண்டங்களை ஒதுக்கி வைக்கும் இடத்திற்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர் உண்டு. தஞ்சை மாவட்டத்துக் கிராமத்து வீடுகளில் அது பரண். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய நம் உறவினர்களுக்கு அது கராஜ். கார் வெளியே வெயிலில் நிற்க, பழைய நாற்காலிகள் உள்ளே நிழலில் இருக்கும் என்று அவர்களே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்குப் பரணும் இல்லை, கராஜும் இல்லை. நமக்கு வாய்த்தது ஸ்டோர் ரூம். சற்றுப் புதிய வீடாக இருந்தால் பாம் ஷெல்டர்.

பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் அந்தச் சிறிய அறை உண்மையில் பண்டம் வைப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. குடிமைத் தற்காப்புப் புகலிடங்கள் குறித்து 1997இல் நிறைவேறிய சட்டம் 1998 மே மாதம் நடப்புக்கு வந்தது. அதன் பிறகு கட்டப்படும் புதிய வீடுகளில் இத்தகைய புகலிட அறை இருக்க வேண்டும் என்பது விதி. கனமான கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, காற்றுக்கான துளைகள் என்று அதற்கென ஓர் அமைப்பு உண்டு. சுவரை இடிக்கவோ கதவைக் கழற்றவோ கூடாது. காற்றுத் துளைகளை அடைக்கவும் கூடாது. அமைதிக் காலத்தில் பண்டங்களை வைத்துக்கொள்ளலாம்; ஆபத்துக் காலத்தில் விரைந்து வெளியேற்றிவிட்டு உள்ளே புக வேண்டும்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஆம் நாள் முழுமைத் தற்காப்பு தினம். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாள் அது. அன்று மாலை 6.20 மணிக்குத் தீவு முழுவதும் எச்சரிக்கை ஒலி கேட்கும். சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாளையொட்டி என் தொடக்கநிலை நான்கு வகுப்பில் ஒரு வினா எழுப்பினேன். "உங்கள் வீட்டுப் புகலிட அறையில் இப்போது எத்தனை பேர் நிற்க முடியும்?" பிள்ளைகள் சிரித்தார்கள். பயணப் பெட்டிகள், மிதிவண்டி, தீபாவளி விளக்குச் சரம், அரிசி மூட்டை, தம்பியின் பழைய தொட்டில் என்று அடுக்கினார்கள். ஒரு மாணவன் மட்டும் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அரை ஆள், டீச்சர்" என்றான். இன்னொரு சிறுமி, "எங்க வீட்ல எல்லாம் பாட்டி சாமான். பாட்டி ஊருக்குப் போனதும் அம்மா தூக்கிப் போடுவாங்களாம்" என்றாள்.

அந்தச் சிறுமியின் சொல்லை வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். பாட்டி இல்லாத நாளில் பாட்டியின் பொருளைக் கழிப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. சண்டை வேண்டாம் என்பதற்காகவே பலரும் அப்படிச் செய்கிறார்கள். நான் சொல்ல விழைவது இதற்கு நேர்மாறானது. அறையைக் காலி செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பொருள் எது, யாருடையது, ஏன் வைக்கப்பட்டது என்று சொல்லக்கூடியவர் உடனிருக்கும்போதே செய்ய வேண்டும்.

எங்கள் வீடு செங்காங்கில் உள்ளது. என் தந்தையார் 2012இல் மறைந்தார். அதன் பின் தேக்காவுக்கு அருகே ரோவல் சாலையில் இருந்த மூவறை வீட்டை விட்டு என் தாயார் எங்களோடு வந்து சேர்ந்தார். அவரோடு வந்த பொருள்கள் நேரே பாம் ஷெல்டருக்குள் போயின. பின்னர் எங்கள் பொருள்களும் அவற்றின்மேல் ஏறின. இப்போது தாயாருக்கு வயது எண்பது. கண்ணழுத்த நோயால் ஒரு கண்ணில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. மறு கண்ணும் குறைந்து வருகிறது. இந்நோயில் இழந்த பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கத்தான் மருந்து என்று மருத்துவர் விளக்கினார். அதைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தது அந்த அறைக்குள் இருந்த தகரப் பெட்டிதான். அதில் இருப்பவற்றைப் படித்துச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. ஆகவே அந்த ஆண்டு டிசம்பர் விடுமுறையில் வேறு பயணம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். வீட்டுக் கூடத்தில் பழைய பாயை விரித்து அதன்மேல் பரப்பினோம். பொதுத் தாழ்வாரத்தில் பரப்புவது எளிதுதான்; ஆயினும் தீ விபத்து நேர்ந்தால் மக்கள் வெளியேற அங்கே 1.2 மீட்டர் அகலத்திற்கு வழி இருக்க வேண்டும். பிறகு நான்கு குவியல்களாகப் பிரித்தோம். மீண்டும் உள்ளே வைக்க வேண்டியவை, பிறருக்குப் பயன்படுபவை, கழிக்க வேண்டியவை, பாட்டியிடம் கேட்க வேண்டியவை. நான்காவது குவியலை என் பிள்ளைகள் 'அம்மாச்சி குவியல்' என்று அழைத்தார்கள். அதிலிருந்து அவர் சொல்லாமல் எதுவும் மற்றக் குவியல்களுக்குப் போகக்கூடாது என்பதே எங்கள் ஒரே விதி.

முதல் மூன்று குவியல்கள் ஒரே நாளில் முடிந்தன. மகளின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுப் பயிற்சி நூல்கள் இரண்டு பெட்டிகள் இருந்தன. எழுதாதவற்றைக் கீழ்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தோம். பெற்றோர்களே, பாடத்திட்டம் மாறியபின் அவற்றால் யாருக்கும் பயனில்லை. கொடுப்பதாயின் அந்த ஆண்டே கொடுத்துவிடுங்கள். நான் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற காலத்து ஓ.எச்.பி. தாள்களும் ஒலிநாடாக்களும் இருந்தன. அவற்றைப் போட்டுக் காட்டும் கருவிகள் இன்று எந்த வகுப்பிலும் இல்லை. தாள்களைக் கழித்தேன். கையால் எழுதிப் படம் வரைந்த மின்னட்டைகளைப் புதிதாகப் பணியில் சேர்ந்த தோழி ஒருவர் விரும்பிப் பெற்றுக்கொண்டார். பழைய கைப்பேசிகளும் மின்கம்பிகளும் மின்கழிவுத் தொட்டிக்குப் போயின. 2021 ஜூலை முதல் மின்கழிவுகளைத் தனியே திரட்டும் திட்டம் நாடு முழுவதும் நடப்பில் உள்ளது. பெரிய மேசை ஒன்றை அகற்ற நகர மன்றத்திற்குத் தொலைபேசியில் சொன்னோம்.

எரித்த பின் எஞ்சும் சாம்பலும் எரிக்க இயலாத குப்பையும் நம் நாட்டில் செமக்காவ் தீவுக்குத்தான் செல்கின்றன. 1999 முதல் இயங்கும் அந்த நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணித்திருக்கிறார்கள். ஆகவே கொடுக்க முடிந்ததைக் குப்பையில் போடாதிருப்பது நல்லது.

மறுநாள் காலை காராங்கூனிக்காரரின் ஊதல் ஒலி கேட்டது. பழைய செய்தித்தாள்களும் துணிகளும் மின்விசிறியும் அவரிடம் போயின. என் மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். "காராங்கூனி தமிழா?" என்று கேட்டான். மலாய் மொழியில் 'காரோங்' என்றால் மூட்டை. 'கூனி' என்பது நம் 'கோணி'யோடு உறவுடைய சொல். மலாய்க்காரர்கள் கிடங்கைக் 'கூடாங்' என்பார்கள். அதையும் நம் 'கிடங்கு' என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. 'பெத்தி' என்பது நம் பெட்டியேதான். இவற்றைச் சொன்னதும் அவன் அன்று முழுவதும் ஒவ்வொரு பொருளையும் தூக்கிக் காட்டி, இது தமிழா, அது தமிழா என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். சொல்வளப் பாடத்திற்கு ஸ்டோர் ரூமைப் போன்ற இடம் வேறில்லை.

இனி நான்காவது குவியல். தாயாரைச் சாய்வு நாற்காலியில் அமரவைத்து, அருகில் நல்ல வெளிச்சமுள்ள விளக்கை வைத்தோம். உயர்நிலை ஒன்றில் படிக்கும் மகள் ஒரு குறிப்பேட்டுடன் அமர்ந்தாள். நாளுக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் இல்லை. அதற்கு மேல் போனால் அவர் களைத்துவிடுவார்.

தகரப் பெட்டியில் மேலே இருந்தது தமிழ் முரசு நாளிதழ்களின் கட்டு. மகன் ஒரு தாளை எடுத்துப் படிக்க முயன்று, "அம்மா, இது என்ன எழுத்து?" என்று திகைத்தான். பழைய 'லை'யும் 'னை'யும் யானைத் தும்பிக்கை போல வளைந்து நின்றன. எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. பின்னர் சிங்கப்பூரும் ஏற்றது. அதற்கு முன் எழுதப்பட்டவற்றைப் படிப்பதற்கு நம் பிள்ளைகளுக்கு யாரேனும் ஒரு நாளாவது கற்றுக்கொடுக்க வேண்டும். பத்தே நிமிடங்களில் அவன் பிடித்துக்கொண்டான்.

அந்த நாளிதழ்களை வைத்துக்கொள்வதா கழிப்பதா என்ற கேள்வி எழுந்தது. இங்கே நாங்கள் ஓர் அளவுகோலை வகுத்துக்கொண்டோம். இது வேறெங்கேனும் கிடைக்குமா? தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்னாக்கம் செய்து பாதுகாத்து வருகிறது. எங்கள் வீட்டுக் கட்டு கரையான் அரித்த கட்டு. எனவே அதைக் கழிக்கலாம் என்று முடிவு செய்தோம். ஆனால் தாயார் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கச் சொன்னார். 1969ஆம் ஆண்டு இதழ் ஒன்றில், மனிதன் நிலவில் இறங்கிய செய்திக்கு அருகில் ஓரத்தில் தந்தையாரின் பென்சில் எழுத்து இருந்தது. அம்மாத வாடகை, அரிசி, ஊருக்கு அனுப்பிய பணம் என்று ஒரு சிறு கணக்கு. செய்தி நூலகத்தில் இருக்கிறது. அந்த ஓரக் கணக்கு உலகில் வேறெங்கும் இல்லை. அந்த ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அதன் கீழே தந்தையாரின் கணக்குப் புத்தகங்கள் மூன்று இருந்தன. அவர் 1951இல், பதினாறு வயதில், ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். முதல் புத்தகம் அவர் தனியாக இருந்த காலத்தது. அதில் ஓரிடத்தில் 'தமிழ் எங்கள் உயிர் – 1 வெள்ளி' என்று இருந்தது. தாயார் 1966இல்தான் மணமாகி இங்கு வந்தார். அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கே 1956இல் தொடங்கிய இந்தியவியல் துறையில் தமிழுக்குரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று திரட்டிய நிதியின் பெயர் அது. எளிய தொழிலாளர்கள் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள் என்று படித்திருக்கிறேன், வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். அவர்களுள் என் தந்தையாரும் ஒருவர் என்பதை என் நாற்பதுகளின் நடுவில்தான் அறிந்தேன். அவர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

மூன்றாவது புத்தகத்தில் எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. மாதந்தோறும் முதல் வாரத்தில் 'ந.வீ. – 5' என்று ஒரு வரி. 1970 முதல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் வந்தது. கடன் தவணையாக இருக்கலாம் என்று நான் நினைத்தேன். மகள் படித்துக் காட்டியதும் தாயார் உடனே சொன்னார்.

"நண்பன் வீடு."

துறைமுகத்தில் தந்தையாரோடு வேலை செய்த ஒருவர் சரக்கு இறக்கும்போது இறந்துவிட்டாராம். அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தேக்கா வட்டாரத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார்களாம். பெரிய பையன் வேலைக்குப் போகும்வரை மாதம் ஐந்து வெள்ளி.

"பேரை ஏன் அம்மாச்சி எழுதல?" என்று மகள் கேட்டாள்.

"எழுதினா அது கடன் மாதிரி ஆயிடும்னு சொல்வாரு. யாராச்சும் பாத்தா அவங்களுக்கும் குறைச்சல்தானே" என்றார் தாயார்.

மகள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அந்த இரண்டு எழுத்துகளுக்கு விளக்கம் தரக்கூடியவர் இவ்வுலகில் ஒருவர்தாம் இருந்தார். இன்னும் சில ஆண்டுகள் கழித்து நான் அப்பெட்டியைத் திறந்திருந்தால் அது வெறும் ஐந்து வெள்ளியாகவே நின்றிருக்கும்.

பெட்டியின் அடியில் வானஞ்சல் தாள்களின் கட்டு ஒன்று இருந்தது. என் பாட்டி, அதாவது தாயாரின் தாய், ஊரிலிருந்து அனுப்பியவை. பாட்டிக்கு எழுதத் தெரியாது. யாரையோ கொண்டு எழுதுவித்தவை. தாயார் அக்கட்டைத் தடவிப் பார்த்தார். "இதைப் படிக்க வேணாம். கிழிச்சிடு" என்றார். வேறெங்கும் கிடைக்காதவை அவை. எங்கள் அளவுகோலின்படி முதலில் காக்க வேண்டியவை. ஆசிரியை என்ற முறையில் என் மனம் தயங்கியது. ஒருமுறை, "ஒன்னே ஒன்னு வச்சுக்கட்டுமா அம்மா?" என்று கேட்டேன். "அது எனக்கும் எங்கம்மாவுக்கும் உள்ளதுடி" என்றார். நானும் மகளும் அவர் முன்னிலையிலேயே கிழித்தோம். கேட்பது என்றால் அவர் சொல்லும் விடைக்குக் கட்டுப்படுவதும்தான். எதை வைப்பது என்று முடிவு செய்ய நமக்கிருக்கும் விருப்பத்தைவிட, எதை விட்டுச்செல்லக்கூடாது என்று முடிவு செய்ய அவர்களுக்கிருக்கும் உரிமை பெரிது.

இது ஒரு வீட்டுச் செய்தி மட்டுமன்று. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று பரண்களில் கிடந்த ஏடுகளைத் தேடியதை நாம் வகுப்பில் சொல்கிறோம். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளைத் தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் வருந்தியதையும் எழுதி வைத்திருக்கிறார். அப்படிச் செய்தவர்கள் தமிழின் பகைவர்கள் அல்லர். பழையதை முறைப்படி கழிப்பதாகவே எண்ணினார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர், மற்றவர்கள் வேண்டாம் என்று கழித்த நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் கூடச் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அது அவர் பெயரால் ஆய்வு நூலகமாயிற்று. சிங்கப்பூரிலும் 2015 மே மாதம் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் குடும்பங்கள் தந்த பொருள்களைக் காணலாம். அவையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டு மூலையில் கிடந்தவைதாம்.

போகிப் பண்டிகையின்போது பழையதைக் கழிப்பதற்குச் சான்றாக நன்னூல் நூற்பா ஒன்றை நாம் எடுத்துக்காட்டுவது வழக்கம். பவணந்தி முனிவர் அங்கே பேசுவது மொழியைப் பற்றி. வழக்கொழிவதும் புதியது வந்து சேர்வதும் காலத்தின் இயல்பு, ஆகவே குற்றமில்லை என்பதே கருத்து. எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள் என்று அவர் ஆணையிடவில்லை.

காகிதங்களைக் காக்க விரும்புவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பாம் ஷெல்டரில் காற்றோட்டம் குறைவு. நம் நாட்டு ஈரப்பதத்தில் தாளும் நிழற்படமும் அங்கே பூஞ்சை பிடிக்கும். அவற்றைப் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ரப்பர் வளையங்களையும் துருப்பிடிக்கும் ஊசிகளையும் அகற்றுங்கள். பசைத்தாள் கொண்ட பழைய ஆல்பங்களிலிருந்து படங்களை மெதுவாக எடுத்து, பின்புறம் மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். அமிலம் கலவாத தாளுறைகள் கிடைக்கின்றன; அவற்றில் வைத்தால் நீண்ட நாள் நிற்கும். எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து உடன்பிறந்தார் அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு முன் மாணவர்களிடம் பயிற்சித்தாள் ஒன்றைக் குறைத்து, அதற்குப் பதிலாக இதைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டிலுள்ள ஒரு பழைய பொருளைத் தேர்ந்தெடுத்து, அதை அறிந்த பெரியவரிடம் மூன்று வினாக்கள் கேட்க வேண்டும். இது எப்போது வந்தது? யார் பயன்படுத்தியது? ஏன் இதுவரை வைத்திருக்கிறீர்கள்? விடையைத் தமிழிலேயே கேட்டு, பெரியவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். பேச்சுத்தமிழில் இருந்தாலும் திருத்த வேண்டாம். வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி தருகிறோம் என்று நாம் தனியே சொல்லத் தேவையிருக்காது.

பெற்றோர்களுக்கும் ஒன்று. எங்கள் புகலிட அறையில் இப்போது தகரப் பெட்டியும் இரண்டு பயணப் பெட்டிகளும் அவசரப் பையும்தான் இருக்கின்றன. நாங்கள் ஐவரும் உள்ளே நிற்கலாம். தாயாருக்கு ஒரு நாற்காலி போடவும் இடமிருக்கிறது. அறையைக் காலி செய்ய எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. கேட்காமல் கழித்திருந்தால் ஒரே பிற்பகலில் முடிந்திருக்கும். மீதிப் பதினொரு நாள்களில் என் பிள்ளைகள் தங்கள் தாத்தாவை அறிந்துகொண்டார்கள். மகளின் குறிப்பேட்டில் இன்னும் பக்கங்கள் மீதமிருக்கின்றன. அடுத்த விடுமுறையில் பித்தளைப் பாத்திரங்களைப் பற்றிக் கேட்கப் போகிறாளாம்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். அதை அறிந்தவரும் இருந்தால் காலம் தாழ்த்தாதீர்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை